பெபாஸ் நியூ, லீக் காதிக், ஆஸ்வால்ட், ஆன்டன்: ஒடுங்கித் தடித்த தலைப்பு எழுத்துகளில் எது எதற்கு?

போஸ்டருக்கோ இணையதள முகப்புக்கோ ஆங்கிலத் தலைப்பு வேண்டும். இடம் குறைவு, ஆனால் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும். இந்த நிலைமை வந்தால் வடிவமைப்பாளர்கள் பலரின் கை தானாகவே பெபாஸ் நியூ பக்கம் போய்விடுகிறது. உயரமாய், ஒல்லியாய், தடித்து, அலங்காரம் எதுவும் இல்லாமல் நிற்கும் எழுத்து. சரக்கு கன்டெய்னரின் பக்கவாட்டில் பெயின்ட் அடித்த எண்களைப் போல அதில் தொழிற்சாலை வாடை உண்டு. அதே குணத்தோடு லீக் காதிக், ஆஸ்வால்ட், ஆன்டன், இம்பாக்ட், பார்லோ கண்டென்ஸ்ட், டின் என்று இன்னும் பல எழுத்துருக்கள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே சொல்லை எல்லாவற்றிலும் அடித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும் வித்தியாசம் சின்னதல்ல.

இந்த வகை எழுத்துருவை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது கறுப்புக்கு நடுவே மிஞ்சும் வெள்ளையைத்தான். தடியாகவும் இருக்க வேண்டும், ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும் என்றால், எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் இடத்தைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். ஆங்கில ஓ, ஏ, பி, ஆர் போன்றவற்றின் உள்வெளியில் எவ்வளவு விட்டுவைப்பது, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு விடுவது என்ற இந்த இரண்டு முடிவுகளில்தான் ஒரு வடிவமைப்பாளரின் கை தெரிகிறது. கறுப்பைக் கூட்டுவது யாராலும் முடியும்.

இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போட்டியாளர்களின் குணம் அங்கிருந்தே வருகிறது. அச்சு எழுத்தாக வந்த முதல் சான்ஸ் செரிஃப் (கோட்டு முனைகளில் குறுங்கோடு இல்லாத எழுத்து) 1816இல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லான் வெளியிட்டது. அதில் பெரிய எழுத்துகள் (கேப்பிடல்) மட்டுமே இருந்தன. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்தைக் குடையும் ரூட்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு, சுவரொட்டிக்கான மிகப் பெரிய எழுத்துகளை நிறையச் செய்ய முடிந்தது. தாளின் அகலம் மாறாது, சொல்லின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே எழுத்தை ஒடுக்கினார்கள். 1903இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்னேட் காதிக் இந்தத் தேவைக்கு நேரடியான பதில். ஒரே தோற்றம், ஆனால் 1, 2, 3 என்று மூன்று அகலங்கள். பத்திக்குள் தலைப்பு அடங்கவில்லையா, ஓர் எண் குறைத்துக் கோத்தால் போதும். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஒடுங்கிய எழுத்துருக்கள் பலவற்றுக்கு மூதாதை அதுதான்.

ஒப்பிடுவதற்கு முன் உயரத்தைச் சமமாக்குங்கள்

இதைச் செய்யாமல் எந்த ஒப்பீடும் சரியாக வராது. ஃபிக்மா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் எல்லாவற்றுக்கும் 100 என்று அளவு கொடுத்துப் பக்கத்தில் வைத்தால், ஆஸ்வால்டும் ஆன்டனும் பூதாகரமாகத் தெரியும். பெபாஸ் சின்னதாகத் தெரியும். உடனே ஆன்டன்தான் அழுத்தமானது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் அளவு என்று நாம் கொடுக்கும் எண், எழுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் உயரம். அந்தப் பெட்டியில் எழுத்து எவ்வளவை நிரப்புகிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். பெபாஸ் நியூவில் பெரிய எழுத்தின் உயரம் பெட்டியில் 70 சதவீதம். ஆஸ்வால்டில் அது 80 சதவீதத்துக்கும் மேல். அதாவது 100 பிக்சல் கொடுத்தால் ஒன்று 70 பிக்சல் உயரம் வரும், இன்னொன்று 80ஐத் தாண்டும். வெவ்வேறு உயரத்தில் இருக்கும் இரண்டு எழுத்தின் தடிமனை ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை.

எனவே ஒரு செவ்வகம் வரைந்துகொண்டு, ஆங்கில எச் எழுத்தின் தலையும் காலும் அதன் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொடும்படி ஒவ்வோர் எழுத்துருவின் அளவையும் மாற்றுங்கள். அப்புறம் அகலத்தைப் பாருங்கள். அப்போது வரிசை வேறு மாதிரி இருக்கும். லீக் காதிக் நன்றாக ஒல்லியாகிவிடும், ஆஸ்வால்ட் நாம் நினைத்ததைவிட அகலமாகத் தெரியும், பெபாஸ் இவற்றுக்கு நடுவில் வரும்.

வரி உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆஸ்வால்ட் தன் எழுத்துக்கு மேலும் கீழும் நிறைய இடம் வைத்துக்கொண்டு வருகிறது. அதன் இயல்பான வரி உயரம் எழுத்தளவைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இரண்டு வரித் தலைப்பை ஆஸ்வால்டில் போட்டுவிட்டு வரி உயரத்தைத் தொடாமல் விட்டால், வரிகள் ஒன்றையொன்று அறியாதவை மாதிரி தள்ளி நிற்கும். பெபாஸில் அது 1.2 மடங்குதான், ஆனால் அதிலும் நுணுக்கம் இருக்கிறது. பெபாஸில் சின்ன எழுத்தே கிடையாது, எனவே கோட்டுக்குக் கீழே இறங்கும் வால்கள் அநேகமாக இல்லை. இருந்தாலும் கீழே வாலுக்கான இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளைவு, ஒரு பட்டனுக்குள் பெபாஸைப் போட்டு மேலும் கீழும் சமமாகப் பேடிங் (உள்ளோர இடைவெளி) கொடுத்தாலும் எழுத்து சற்று மேலே ஏறி நிற்கும். மேல் பேடிங்கை ஒரு சிட்டிகை கூட்டினால் நடுவுக்கு வந்துவிடும். பெபாஸ் பயன்படுத்திய பல தளங்களில் மெனுவும் பட்டனும் லேசாகத் தூக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெபாஸ் நியூவா, லீக் காதிக்கா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த உரிமம், இரண்டையும் ஒரே வேலைக்குத்தான் எடுக்கிறார்கள்.

பெபாஸ் ஜப்பானியரான ரியோய்ச்சி சுனெகாவாவின் படைப்பு. அவருடைய நிறுவனம் தர்மா டைப். முதல் பெபாஸ் 2005இல் வந்தது; அதைத் திருத்தி வரைந்த பெபாஸ் நியூ 2010இல். 2014இல் ஃபான்ட்ஃபேப்ரிக் நிறுவனம் மெல்லிய வெயிட்டுகளை, அதாவது தடிமன் குறைந்த வடிவங்களை, சேர்த்தது. பெபாஸின் ஓ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடமும் வலமும் நேரான இரண்டு தண்டுகள். மேலேயும் கீழேயும் அவற்றை இணைக்கும் வளைவு. சி, ஜி, டி எல்லாம் இதே சட்டத்திலிருந்து வெட்டியவை. தண்டின் தடிமனும் குறுக்குக் கோட்டின் தடிமனும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த ஒரே சீரான கட்டுமானம்தான் அதன் தொழிற்சாலைத் தோற்றத்துக்குக் காரணம். யாரோ கையால் எழுதியது என்ற எண்ணமே வராது. ஏதோ ஓர் அச்சில் வார்த்து எடுத்ததுபோல இருக்கும். முக்கியமாக, உள்வெளியும் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் நல்ல சமநிலையில் இருக்கின்றன. மினிமம் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துப் பாருங்கள். எம், ஐ, என், யு எல்லாவற்றிலும் நின்ற கோடுகளே அதிகம். தண்டு, வெள்ளை, தண்டு, வெள்ளை என்று ஒரே தாளத்தில் ஓடும். இந்தச் சோதனையில் தடுமாறும் ஒடுங்கிய எழுத்துருக்கள் எத்தனையோ உண்டு. பெபாஸ் தடுமாறுவதில்லை.

லீக் காதிக், பென்டனின் ஆல்டர்னேட் காதிக் எண் 1இன் மறுவரைவு. தி லீக் ஆஃப் மூவபிள் டைப் என்ற எழுத்துருக் குழு 2009இல் வெளியிட்டது. இதிலும் தண்டுகள் நேர்தான். ஆனால் வளைவு தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஆங்கிலச் சின்ன என் எழுத்தின் தோள் தண்டிலிருந்து பிரியும் இடத்தில் கோடு மெலிகிறது. ஆர் எழுத்தின் நடுச்சந்திப்பிலும் அப்படியே. இது அழகுக்காக மட்டும் செய்ததல்ல. இரண்டு தடித்த கோடுகள் கூடும் மூலையில் கறுப்பு கட்டியாகத் தேங்கும். அச்சில் மை வேறு பரவும். அங்கே கொஞ்சம் செதுக்கினால்தான் கறுப்பும் வெள்ளையும் கலந்து கண்ணுக்குத் தெரியும் சாம்பல் நிறம் சொல் முழுக்கச் சீராக இருக்கும். உலோக எழுத்தின் காலத்து அறிவு இது, கணினித் திரையிலும் அப்படியே வேலை செய்கிறது. இதனால் லீக் காதிக்கில் ஓர் உயிர்த்துடிப்பு இருக்கிறது. பெபாஸின் சீர்மை அதில் இல்லை. பதிலுக்குப் பழைய செய்தித்தாள் தலைப்பின் அதிகாரம் இருக்கிறது.

எனக்கு எது பிடிக்கும் என்றால் லீக் காதிக்தான். காரணம், அதில் சின்ன எழுத்து இருக்கிறது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைப்பு இரண்டு மூன்று சொல்லாக இருக்கும்வரை எல்லாமே பெரிய எழுத்தில் இருப்பது பலம். அது எட்டுப் பத்துச் சொல் கொண்ட வாக்கியமாக மாறும்போது பெபாஸ் ஒரு செங்கல் சுவராகிவிடுகிறது. எல்லாச் சொல்லும் ஒரே உயரச் செவ்வகம். எது பெயர், எது வினை, எது சுருக்கெழுத்து என்று கண் தேட வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் சுருக்கப் பெயரும் சாதாரணச் சொல்லும் ஒன்றுபோலவே தெரியும். லீக் காதிக்கில் சின்ன எழுத்துகள் நல்ல உயரம், பெரிய எழுத்துக்கு ரொம்பக் கீழே போவதில்லை. எனவே வாக்கியமாகப் போட்டாலும் தலைப்பின் திண்மை குறையாது. சொல்லின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஏறி இறங்குவதால் படிக்கவும் முடியும். பெபாஸ் நியூவின் சின்ன எழுத்துள்ள வடிவம் வேண்டுமென்றால் அது பெபாஸ் நியூ ப்ரோ. 2019இல் வந்தது, தனியாக விலைக்கு.

இன்னொரு விஷயம் அகலம். லீக் காதிக்கின் இப்போதைய மாறு எழுத்துருவில் (ஒரே கோப்புக்குள் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் வகை) அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் அகல அச்சு இருக்கிறது, 75இலிருந்து 100 வரை. பென்டன் மூன்று உலோகத் தொகுப்புகளாகக் கொடுத்த வசதி இப்போது ஒரு ஸ்லைடராக நம் கையில் இருக்கிறது. தலைப்பு ஒரே ஒரு சொல்லால் அடுத்த வரிக்குத் தாவுகிறதா, அகலத்தை 100இலிருந்து 92க்குக் கொண்டுவாருங்கள். வரி அடங்கிவிடும், தண்டின் தடிமனும் கெடாது. பெபாஸில் இந்த வழி இல்லை. அங்கே பலர் செய்வது, பெட்டியின் ஓரத்தைப் பிடித்து எழுத்தை நசுக்குவது. அப்படி நசுக்கினால் நின்ற கோடுகள் மட்டும் மெலியும், படுத்த கோடுகள் அதே தடிமனில் இருக்கும். ஆங்கில ஈ எழுத்தின் மூன்று கைகளும் தண்டைவிடத் தடியாகத் தெரியும். பயிற்சி இல்லாத கண்ணுக்குக்கூட ஏதோ சரியில்லை என்று படும், என்னவென்று சொல்லத்தான் வராது.

பெபாஸ் ஜெயிக்கும் இடங்களும் தெளிவாக உண்டு. எண்கள் முதலில். ஆண்டு, விலை, ஆட்டத்தின் ஸ்கோர், ஜெர்சியின் முதுகில் வரும் எண் எல்லாவற்றுக்கும் அதன் இலக்கங்கள் பெரிய எழுத்தின் உயரத்துக்கே நின்று, சட்டம்போல வரிசையாக அமர்கின்றன. ஆனால் பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் அது அவ்வளவாக வேறுபடுத்துவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டு எண்களுக்கு அதை எடுக்காதீர்கள். அடுத்தது லோகோ. நாலைந்து பெரிய எழுத்துகளை வைத்து ஒரு பெயரைப் பூட்ட வேண்டுமென்றால் அதன் ஒரே சீர்மை கைகொடுக்கும். சின்ன அளவிலும் பெபாஸ் தாங்கும். மெனு, லேபிள், பகுதித் தலைப்பு போன்ற 14, 16 பிக்சல் இடங்களில் எழுத்திடைவெளியை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் தெளிவாக இருக்கும். லீக் காதிக் அந்த அளவில் அடைத்துக்கொள்கிறது. அதைப் பெரிதாக வைத்தால்தான் அதற்கு மரியாதை.

பெபாஸில் ஒரு கோளாறு அடிக்கடி கண்ணில் படுகிறது. இது எழுத்துருவின் குற்றமும் இல்லை. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் பெபாஸ் நியூவில் ஒரே வெயிட்தான், அதன் எண் 400. உலாவி எச்1, எச்2 தலைப்புகளை இயல்பாகவே போல்டாக்கும். போல்டு கோப்பு இல்லாததால் இருக்கும் எழுத்தின் விளிம்பைத் தானே தடிப்பாக்கிப் போலி போல்டு உண்டாக்கிவிடும். ஏற்கெனவே குறுகலான உள்வெளி இன்னும் அடைபடும், வளைவுகள் சகதியாகும். தலைப்பின் ஃபான்ட் வெயிட்டை 400 என்று வெளிப்படையாகக் கொடுத்தால் தீர்ந்தது. ஆன்டனுக்கும் லீக் காதிக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அவையும் ஒற்றை வெயிட்தான். வடிவமைப்பில் நன்றாக இருந்தது, தளத்தில் மட்டும் ஏன் இப்படிக் குண்டாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால், முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஆஸ்வால்டும் ஆன்டனும்: ஒரே கை, வேறு வேறு வேலை

இரண்டையும் வரைந்தவர் வெர்னன் ஆடம்ஸ். இணைய எழுத்துருக்கள் பரவத் தொடங்கிய காலத்தில் வந்தவை. அவர் 2016இல் காலமானார். அவருடைய எழுத்துருக்களை மற்றவர்கள் தொடர்ந்து விரிவாக்கினார்கள், ஆஸ்வால்டுக்கு ரஷ்ய மொழி போன்றவற்றுக்கான சிரிலிக் எழுத்துகளும் வந்தன. அவர் செய்த வேலையின் அளவை நினைத்தால் மரியாதை கூடுகிறது. ஆல்டர்னேட் காதிக் மரபைத் திரையின் பிக்சல் கட்டங்களுக்கு ஏற்றபடி மறுபடியும் வரைந்ததுதான் ஆஸ்வால்ட். காகிதத்துக்குப் பிறந்த உருவம் திரையில் வாழ என்ன மாற வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது.

ஆஸ்வால்டின் பலம் அதன் குடும்பம். 200இலிருந்து 700 வரை ஆறு வெயிட்டுகள், சின்ன எழுத்துகளோடு. ஒரு செய்தித் தளத்தில் பெரிய தலைப்பு, துணைத் தலைப்பு, படக்குறிப்பு, பகுதிப் பெயர் நான்கையும் ஒரே எழுத்துருவில் முடிக்க வேண்டுமென்றால் இந்த நால்வரில் ஆஸ்வால்டுக்கு நிகர் இல்லை. ஒடுக்கம் மிதமானது, உள்வெளி தாராளம். அதனால்தான் நீளமான தலைப்பிலும் அது மூச்சுத் திணறுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் போஸ்டரில் அது சப்பென்று ஆகிவிடும். இரும்புத்தனம் வேண்டுமென்று தேடிவந்தவருக்கு ஆஸ்வால்ட் கொஞ்சம் சாதுவானது. வளைவுகளில் மென்மை இருக்கிறது. 200, 300 வெயிட்டுகளில் தொழிற்சாலைத் தோற்றம் அறவே போய் நாகரிகமான பத்திரிகைத் தோற்றம் வந்துவிடுகிறது. சாய்வு எழுத்து அதில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்; சாய்வு கேட்டால் உலாவி தானே சாய்த்துக் காட்டும், ஒடுங்கிய எழுத்தில் அது படுமோசம்.

ஆன்டன் இதற்கு நேரெதிர். பழைய விளம்பர எழுத்துகளை எடுத்து, உள்வெளியைக் கொஞ்சம் திறந்து, தண்டுகளைத் திரைக்கு ஏற்பச் சீராக்கிச் செய்த ஒற்றை வெயிட். நால்வரில் கறுப்பு அதிகம் இதில்தான். படத்தின் மேல் எழுத்து போட வேண்டிய இடத்தில் ஆன்டனை மிஞ்ச முடியாது. பின்னணி எவ்வளவு இரைச்சலாக இருந்தாலும் வெள்ளை ஆன்டன் அதற்கு மேலே நிற்கும். வீடியோ தம்ப்நெய்லில் மூன்று சொல், விளையாட்டுப் போஸ்டரில் அணிப் பெயர், தள்ளுபடிப் பலகையில் சதவீதம், இதெல்லாம் அதன் இடம். ஒரு பத்தியை அதில் போட்டால் படிப்பவர் ஓடிவிடுவார்.

இம்பாக்டை ஏன் தனியாகச் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஆன்டன் இருக்கும்போது இம்பாக்டுக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. ஜெஃப்ரி லீ 1965இல் ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனத்துக்காக வரைந்தது அது. 1954இல் வந்த வால்டர் ஹேட்டென்ஷ்வைலரின் எழுத்து, 1963இல் லெட்ராசெட் நிறுவனத்துக்காக ஃப்ரெட் லேம்பெர்ட் செய்த காம்பாக்டா என்று அந்தக் காலகட்டமே அடர்ந்த கறுப்பை விரும்பியது. உள்ளே ஒரு கீறல் அளவு வெள்ளை, சின்ன எழுத்துகள் பெரிய எழுத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான உயரம். அச்சுத் தலைப்புக்கு அபாரமான எழுத்து. 1996இல் மைக்ரோசாஃப்ட் அதை இணையத்துக்கான அடிப்படை எழுத்துருத் தொகுப்பில் சேர்த்தது, கணினிதோறும் இருந்தது, அதனால் மீம் படங்களின் எழுத்தாகவே ஆகிவிட்டது. கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை இம்பாக்டைப் பார்த்ததும் மனம் மீம் என்றே படிக்கும். கனமான செய்திக்கு அதை எடுத்தால் அந்த நினைவோடு சண்டை போட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு போன்களில் அது கிடையாது. அதை மட்டும் நம்பி வடிவமைத்தால் போனில் வேறெதோ எழுத்து வந்து நிற்கும்.

இரும்புத் தோற்றம்தான் முக்கியம் என்றால்

மேலே சொன்ன நால்வருமே சுவரொட்டி, செய்தித்தாள் மரபின் பிள்ளைகள். தொழிற்சாலை என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது பொறியாளரின் வரைபடமும் சாலைப் பலகையும் என்றால், தேட வேண்டிய குடும்பம் வேறு. ஜெர்மனியின் டின் 1451 தரநிலை 1936இல் வந்தது. எழுத்துக் கலைஞர்களைவிடப் பொறியாளர்களின் கை அதில் அதிகம். கட்டம் போட்ட தாளில் அளவுகோலும் காம்பஸும் வைத்து யாரும் திரும்ப வரையலாம் என்ற நோக்கம். அதன் ஒடுங்கிய வடிவம் எங்ஷ்ரிஃப்ட். நீளமான ஊர்ப்பெயர் பலகைக்குள் அடங்காதபோது அதை எடுப்பார்கள். பெபாஸில் தொழிற்சாலை என்பது ஒரு பாணி. டின்னில் அது பிறப்பிலேயே இருக்கிறது. வளைவுகளில் எந்தச் செதுக்கலும் கிடையாது, தடிமன் எங்கும் மாறாது. அதனால் சந்திகளில் கறுப்பு தேங்கும், அழகு கொஞ்சம் குறையும். அந்தக் கரடுமுரடுதான் உங்களுக்கு வேண்டியது என்றால் தாராளமாக எடுங்கள். மேக் கணினிகளில் டின் கண்டென்ஸ்ட் கூடவே வருகிறது. திறந்த உரிமத்தில் வேண்டுமென்றால் டி-டின் கண்டென்ஸ்ட் இருக்கிறது. செதுக்கிச் சீராக்கியது வேண்டுமென்றால் ஆல்பர்ட் யான் போல் 1995இல் வெளியிட்ட எஃப்எஃப் டின், அது விலைக்கு.

இதே மனநிலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெரமி டிரிபி 2017இல் வெளியிட்ட பார்லோ. கலிஃபோர்னியாவின் வாகன நம்பர் பிளேட், நெடுஞ்சாலைப் பலகை, பேருந்து, ரயில் ஆகியவற்றின் எழுத்துகளிலிருந்து எடுத்த சாயல். விளிம்பு லேசாக உருண்டு இருக்கும். சாதாரணம், அரை ஒடுக்கம், ஒடுக்கம் என்று மூன்று அகலம்; ஒவ்வொன்றிலும் ஒன்பது வெயிட், ஒவ்வொன்றுக்கும் சாய்வு, ஆக மொத்தம் 54. தலைப்பைப் பார்லோ கண்டென்ஸ்டிலும் உள்ளடக்கத்தைச் சாதாரணப் பார்லோவிலும் போட்டு ஒரு தளத்தையே முடித்துவிடலாம். செயலி, டாஷ்போர்டு, அட்டவணை போன்ற இடங்களில் பெபாஸை வலிந்து திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பார்லோவின் தடித்த வெயிட்டை 200 பிக்சலில் போஸ்டரில் ஏற்றினால் அதன் உருண்ட மூலைகள் மென்மையாகத் தெரியும், அடி விழாது.

சிகாகோவின் பேட்ரிக் கிங் வரைந்த பிக் ஷோல்டர்ஸும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்த நகரத்தின் ரயில், பத்திரிகை, விளம்பர எழுத்துகளின் நினைவில் செய்தது. பெரிய அளவுக்கு ஒன்று, சின்ன அளவுக்கு ஒன்று என்று தனித்தனி வரைவுகள் கொடுத்திருப்பது அதன் சிறப்பு. ஒடுங்கிய எழுத்துக்கு இது மிக அவசியமான அக்கறை, இலவச எழுத்துருக்களில் அரிதாகவே கிடைப்பது. பெரிய அளவில் நெருக்கமாக இருப்பது கம்பீரம். அதே நெருக்கம் சின்ன அளவில் அடைப்பு.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெபாஸ் நியூ, லீக் காதிக், ஆஸ்வால்ட், ஆன்டன், பார்லோ, பிக் ஷோல்டர்ஸ் எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பவை. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், தளத்திலும் செயலியிலும் பதிக்கலாம், திருத்தவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக எடுத்து விற்கக் கூடாது. விண்டோஸிலோ மேக்கிலோ கூடவே வரும் எழுத்துருக்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. கணினியில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கோப்பைத் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். பணம் செலவழிக்கத் தயார் என்றால் 2009இல் வந்த டங்ஸ்டன், பெர்டன் ஹாசபே வரைந்து 2014இல் கமர்ஷியல் டைப் வெளியிட்ட ட்ரூக் இரண்டையும் பாருங்கள். ட்ரூக் அளவுக்குக் கறுப்பையும் ஒடுக்கத்தையும் எல்லைவரை தள்ளிவிட்டு, வெள்ளையை இவ்வளவு துல்லியமாகக் காப்பாற்றிய எழுத்து எனக்குத் தெரிந்து குறைவு.

பக்கத்தில் தமிழ் இருந்தால்

இவற்றில் எதிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. எனவே இருமொழித் தலைப்பு என்றால் துணைக்குத் தனியாக ஒரு தமிழ் எழுத்துரு தேட வேண்டும், இங்கேதான் பல வடிவமைப்புகள் சறுக்குகின்றன. ஆங்கிலம் ஒடுங்கித் தடித்து நிற்கும். பக்கத்தில் தமிழ் அகலமாக, மெலிந்து, வேறு வீட்டிலிருந்து வந்ததுபோல இருக்கும். சரி, தமிழையும் நசுக்கிவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கதை இன்னும் மோசம். ண, ஞ, ணை, னை போன்ற எழுத்துகளில் சுழிகள் ஏற்கெனவே நெரிசலாக இருக்கின்றன. அவற்றை நசுக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை காணாமல் போய் ன, ண வித்தியாசமே மங்கிவிடும்.

நசுக்காமல் ஒடுக்கமாகவே வரையப்பட்ட தமிழ் கிடைக்கிறது. ஏக் டைப் நிறுவனத்தின் அனேக் தமிழில் அகல அச்சு 75இலிருந்து 125 வரை, வெயிட் 100இலிருந்து 800 வரை. நோட்டோ சான்ஸ் தமிழில் அகலம் 62.5 வரை இறங்கும், வெயிட் 900 வரை ஏறும். பெபாஸோடும் ஆன்டனோடும் சேர்க்க எனக்கு அனேக் தமிழின் ஒடுங்கிய தடித்த வடிவம்தான் சரியாக வருகிறது. அதன் வளைவுகளில் கொஞ்சம் சதுரத்தன்மை இருக்கிறது, ஆங்கிலத்தின் நேர்த்தண்டுகளோடு அது ஒத்துப்போகிறது. நோட்டோ சுத்தமானது, ஆனால் சாது. ஆஸ்வால்டுக்கும் பார்லோவுக்கும் பொருத்தமான ஜோடி.

பொருத்தும்போது அளவு எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள். தமிழின் ப அல்லது ட எழுத்தின் உயரத்தைவிட ஆங்கிலப் பெரிய எழுத்து சற்றே உயரமாக இருக்கும்படி வைத்தால் இரண்டும் சமமாகத் தெரியும். அளவெடுத்துச் சமமாக வைத்தால் எதிர்பார்ப்புக்கு மாறாகத் தமிழ் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும் மேலே, உகரக் கால்கள் கீழே என்று அது இரண்டு பக்கமும் நீள்கிறது. அதே காரணத்தால் பெபாஸுக்குக் கொடுக்கும் நெருக்கமான வரி உயரம் தமிழுக்கு ஆகாது. பெபாஸை 0.9 வரை இறக்கலாம், வரிகள் உரசாது. தமிழில் அப்படிச் செய்தால் மேல் வரியின் ழு, கூ கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும். 1.25க்குக் கீழே இறக்க வேண்டியிருந்தால், அந்தத் தலைப்பில் இருக்கும் சொற்களையே அடித்துப் பார்த்து, எது எதன் மேல் மோதுகிறது என்று பார்த்து, வரியை வேறு இடத்தில் உடையுங்கள். எழுத்திடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைச் சின்ன அளவில் திறந்துவிடுவது நல்லது. அதே மதிப்பைத் தமிழுக்கும் கொடுத்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்று சொல் சிதறும். இரண்டு மொழிக்கும் தனித்தனி ஸ்டைல் வைத்து, தமிழின் எழுத்திடைவெளியைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள்.